சித்தப்பாவின் பாஸ்வேர்ட்

சித்தப்பாவின் புதுக் கம்ப்யூட்டரை செட் செய்து கொடுத்தபோது இமெயில் பாஸ்வேர்ட் என்ன என்று கேட்டேன். "123456. மறக்கவே மறக்காது" என்றார். 2009-ல் ராக்யூ நிறுவனத்திலிருந்து திருடு போன சுமார் 3.2 கோடி பாஸ்வேர்ட்களில் முதலிடம் இதற்குத்தான், 2.9 லட்சம் பேர் வைத்திருந்தார்கள்! இப்படிப்பட்ட பட்டியல்களைக் கொண்டுதான் திருடர்கள் முதலில் முயல்கிறார்கள். 'ஓ' எழுத்துக்குப் பதில் பூஜ்யம் போடும் தந்திரமும் அவர்களுக்கு அத்துப்படி.

அகராதியைக் கண்ட பக்கத்தில் திறந்து, சம்பந்தமில்லாத நான்கு சொற்களைச் சேர்த்து நீளமாக ஒன்று அமைத்தோம். "இதையே பேங்க்குக்கும் வைத்துவிடவா?" என்றார். கூடவே கூடாது. ஓரிடத்தில் திருடு போனால் எல்லா இடத்திலும் போட்டுப் பார்ப்பார்கள். இமெயில் போய்விட்டால் அதன் வழியாக மற்ற பாஸ்வேர்ட்களையும் மாற்றிவிட முடியும். மறந்துவிடும் என்று பயந்தால் நோட்டில் எழுதி பீரோவில் வையுங்கள், மானிட்டரில் ஒட்டாதீர்கள்.