பிடி கிடைத்தால்தான் விழுங்கலாம்

வலியசாலை மகாதேவர் கோயிலுக்கு வெறுங்காலுடன் சென்ற என் பாதத்தில் முள் தைத்தது. இரண்டு நாளில் சீழ் கட்டியது. அருவருக்கலாமோ? அது நமக்காகப் போரிட்டு மடிந்த வெள்ளையணுக்களின் குவியலன்றோ!

1882-இல் மெச்னிக்காவ் என்னும் அறிஞர் நட்சத்திர மீனின் இளவுயிரில் முள்ளைக் குத்தி, அணுக்கள் அதைச் சூழ்வதைக் கண்டார். ஆனால் சூழ்ந்தால் போதாது, பிடி கிடைக்கவேண்டும். நியூமோகாக்கஸ் கிருமியோ வழவழப்பான உறை பூண்டு நழுவிவிடும். எதிர்ப்பொருள் அவ்வுறையில் ஒரு முனையால் ஒட்டிக்கொண்டால், மறுமுனையை வெள்ளையணு பற்றுகிறது; தன் சவ்வைக் கைபோல் நீட்டி, வளைத்து விழுங்கி, நொதிகளால் செரித்துவிடுகிறது.

இந்தப் பிடியை நோய் வருமுன்னரே ஆக்கித் தருவதே தடுப்பூசி. 2021 முதல் நாடெங்கும் குழந்தைகளுக்கு நியூமோகாக்கஸ் தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. நண்பர்களே, உங்கள் வீட்டு மழலைக்குப் போட்டாயிற்றா?