தேயிலையும் இரும்பும்

சென்ற இதழில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் கூரைத் தகரத்தைப் பற்றி எழுதியபோது, துத்தநாகப் பூச்சு ஏறுமுன் அத்தகரம் அமிலத் தொட்டியில் மூழ்கி எழுந்த கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதைத் தொடங்குவதற்கு இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தேயிலை மலையில் கவ்வாத்து வெட்டுபவரின் கத்தி ஒன்றே போதும். காலையில் சாணை பிடித்துப் பளபளவென்று மலையேறும் அக்கத்தி, மத்தியானம் இறங்கி வரும்போது தேயிலைச் சாறு பட்ட இடமெல்லாம் நீலங்கலந்த கருமை பூண்டிருக்கும். கடுக்காயையும் அன்னபேதியையும் கூட்டி நம் முன்னோர் காய்ச்சிய மையின் கருமையும் இதுவேதான். தாவரத்தின் துவர்ப்புச் சத்து இரும்பைக் கண்டால் கறுப்பது அதன் சுபாவம். ஈரக்கொழுந்தை வெறும் இரும்பு தீண்டலாகாது என்று ஸ்டோர் எனப்படும் தேயிலை ஆலையில் டீமேக்கர் கண்டிப்பாக இருப்பதும் இதனால்தான்.

டீமேக்கர் அஞ்சும் இந்த ஒட்டுறவையே இரசாயன சாஸ்திரிகள் தேடிப் போகிறார்கள் என்பது வேடிக்கை. காய்ச்சி உருட்டிய எஃகின்மேல் படியும் கருந்தோலை நீக்க அதை உப்பமிலத்திலோ கந்தக அமிலத்திலோ தோய்க்கிறார்கள். அமிலமோ தோலோடு நிற்காமல் உலோகத்தையும் தின்னத் தொடங்கி, குமிழிகளாக ஹைட்ரஜனை விடுவிக்க, அதில் ஒரு பகுதி எஃகினுள்ளே புகுந்து அதை நொறுங்கும் தன்மையுடையதாக்கிவிடுகிறது. இதைத் தடுக்கப் பழைய பட்டறைக்காரர்கள் தொட்டியில் தவிட்டையும் சர்க்கரைப்பாகின் கழிவையும் கொட்டினார்கள். பின்னர் செயற்கை இரசாயனங்கள் வந்தன, அவற்றுட் சில விஷம். ஆகவே வேம்பு, மருதாணி, கீழாநெல்லி, தேயிலை என்று பரிசோதனைகள் மீண்டும் இலைதழைகளிடம் திரும்பியிருக்கின்றன. 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகத்திலும் உலோக அரிப்பு ஒரு பிரதான ஆராய்ச்சித் துறை.

கடும் அமிலத்தில் கத்தியைக் கறுப்பித்த அந்த மை உருவாவதில்லை; அங்கே காப்பு வேறு வழியில் வருகிறது. உலர்ந்த கொழுந்தின் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை இருக்கும் பாலிபீனால்களும், அவற்றோடு காஃபீனும், தம்முள்ளிருக்கும் ஆக்ஸிஜன், நைதரசன் அணுக்களாலும் வளையங்களாலும் உலோகத்தைப் பற்றிக்கொண்டு, ஓர் அணுத்திரளளவே தடித்த போர்வையாக விரிகின்றன. பரிசோதனை மிக எளிது: எஃகுத்துண்டை நிறுத்து, அமிலத்திலிட்டு, எடுத்து மறுபடி நிறுப்பது. வெறும் அமிலம் 100 மில்லிகிராம் தின்ற வேளையில் சாறு கலந்த அமிலம் 15 மாத்திரமே தின்றால் காப்பு 85 சதவீதம் என்று எழுதிக்கொள்வார்கள். ஆனால் தொட்டி சூடேறினால் பல சாறுகளின் பிடி தளர்ந்துவிடும். தொழிற்சாலைத் தொட்டிகளோ பெரும்பாலும் சூடானவை. முகவையில் கண்ட சதவீதத்தை அப்படியே நம்பிவிடலாகாது என்பது என் அபிப்பிராயம்.

நல்ல கொழுந்தை இதற்கு வீணாக்க வேண்டியதில்லை. சலித்தபின் ஒதுங்கும் நாரும் காம்பும் போதும். கஷ்டம் வேறிடத்தில். வடித்த சாறு சில நாளில் பூஞ்சணம் பிடிக்கும், எனவே உலர்த்திப் பொடியாக்க வேண்டும். அப்பொடியும் ஒருபோல இராது: பெப்ரவரியின் வறண்ட காற்றில் திம்புளைப் பகுதிக் கொழுந்து சேர்க்கும் சத்து ஒரு விதம், ஆனி ஆடி மழையில் தழைத்த கொழுந்தின் சத்து வேறு விதம். தேநீரில் அந்த வேற்றுமைக்கு விலை கூடுகிறது. அமிலத் தொட்டிக்காரனுக்கோ ஒவ்வொரு மூட்டையையும் புதிதாக நிறுத்துப் பார்க்கும் வேலை கூடுகிறது.