மனுவுக்குள் இருக்கும் தூக்குவாளி: ஆவணத் தரமும் அதன் பெயரும் எப்படி உருவாகின்றன?

கோவில்பட்டியை அடுத்த பசுவந்தனைப் பக்கம் ஐப்பசி மழை பொய்த்தால் உளுந்தும் பாசியும் பூவோடு கருகிவிடும். அப்புறம் பயிர்க் காப்பீட்டுக்கு மனு எழுத வேண்டும். கம்ப்யூட்டர் சென்டரில் போய் உட்கார்ந்து, சர்வே எண், பரப்பு, விதைத்த தேதி எல்லாவற்றையும் கட்டம் கட்டமாக அடித்து, பென் டிரைவில் வாங்கிக்கொள்கிறீர்கள். அதே கோப்பை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்தால் கட்டங்கள் கலைந்து கிடக்கின்றன. ஏக்கர் கணக்கு அடுத்த வரிக்கு ஓடிவிட்டது. தேதி இருந்த இடம் காலி.

எழுதியது நீங்கள்தான், எழுத்தும் தமிழ்தான். ஒரு கம்ப்யூட்டரில் சரியாகத் தெரிந்தது இன்னொன்றில் ஏன் குலைகிறது? இதற்கு விடை தேடினால், உலக நாடுகள் கூடி வாக்களித்த ஒரு பெரிய விவாதத்தில் போய் நிற்போம். அந்த விவாதத்தில் இந்தியாவும் இருந்தது. விவாதத்தின் ஒரு முனை, ஒரு பெயர். ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதல் படி: தூக்குவாளியைத் திறப்போம்

காட்டு வேலைக்குப் போகிறவருக்கு அடுக்குத் தூக்குவாளியில் சோறு கொடுத்தனுப்புகிறோம். வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரே பாத்திரம். கொண்டியைக் கழற்றினால் மேல் தட்டில் துவையல், நடுத்தட்டில் குழம்பு, அடித்தட்டில் சோறு.

உங்கள் மனுக் கோப்பும் அப்படித்தான். மைக்ரோசாஃப்ட் வேர்டில் சேமித்தால் அதன் பெயர் 'டாக்எக்ஸ்' என்று முடியும். அந்தக் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து, நகலின் பெயர் முடிவை 'ஜிப்' என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே பல தட்டுகள் இருக்கும். ஒரு தட்டில் நீங்கள் எழுதிய எழுத்து, இன்னொன்றில் எழுத்தின் அளவு, தடிமன் போன்ற அலங்காரம், வேறொன்றில் ஒட்டிய படங்கள். எந்தத் தட்டு எதோடு சேர வேண்டும் என்று சொல்லும் பட்டியலும் தனியாக இருக்கும்.

லிப்ரே ஆபிஸ் போன்ற இலவச மென்பொருளில் சேமித்தால் கோப்பின் பெயர் 'ஓடிடி' என்று முடியும். அதுவும் தூக்குவாளிதான், ஆனால் தட்டுகளின் அடுக்கு வேறு. அதில் 'மைம்டைப்' என்று ஒரு சின்னக் கோப்பு முதல் ஆளாக, சுருக்கப்படாமல் இருக்கும். மூடியின்மேல் வீட்டுக்காரர் பெயரை வெட்டி வைப்போமே, அது மாதிரி. வாளியைத் திறக்காமலே யாருடையது என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது படி: அஞ்சறைப்பெட்டியும் சீட்டும்

அடுத்து, ஒரு தட்டுக்குள் பார்ப்போம். அங்கே எழுத்துகள் வெறுமனே கொட்டிக் கிடக்காது. ஒவ்வொரு துண்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு சீட்டு இருக்கும்: 'இங்கே பத்தி தொடங்குகிறது', 'இங்கே பத்தி முடிகிறது', 'இங்கே கட்டம்', 'கட்டம் முடிந்தது'. இப்படிச் சீட்டு ஒட்டும் முறைக்கு எக்ஸ்எம்எல் என்று பெயர். 1998இல் அது பொது முறையாக வந்தது.

அஞ்சறைப்பெட்டியின் அறைகளுக்குச் சீட்டு ஒட்டினால் புதிதாக வந்தவரும் சமைக்கலாம். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. 'மல்லி' என்று மட்டும் எழுதி ஒட்டினால், அது விதையா, தூளா, தழையா? ஒட்டியவருக்குத் தெரியும், அடுத்த வீட்டுக்காரருக்குத் தெரியாது. ஆகவே சீட்டு ஒட்டினால் மட்டும் போதாது. எந்தச் சீட்டுக்கு என்ன பொருள் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஏடு ஒன்று வேண்டும். ஒருவர் ஒரு பொருளில் ஒட்டிய சீட்டை இன்னொருவர் வேறு பொருளில் படித்தால் குழம்பு கெட்டுப்போகும். உங்கள் மனுவில் கட்டங்கள் கலைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மூன்றாவது படி: செய்முறை ஏடு

அந்த ஏட்டுக்குத்தான் 'தரம்' என்று பெயர்.

இது கோவில்பட்டிக்காரர்களுக்குப் புதிதல்ல. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு விண்ணப்பிக்கும்போது பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதாது. என்ன பொருள் சேர்கிறது, எப்படிச் செய்கிறார்கள், எந்த நிலப்பகுதியில் செய்கிறார்கள் என்பதையெல்லாம் எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் பெயர் பதிவேட்டில் ஏறும். ஆக, பெயருக்குப் பின்னால் ஒரு செய்முறை நிற்கிறது. பெயரை நம்பி வாங்குகிறவருக்கு அந்தச் செய்முறைதான் உத்தரவாதம்.

ஆவணத்துக்கும் அதே கதைதான். ஏட்டில் எல்லாம் எழுதியிருந்தால் யார் வேண்டுமானாலும் அந்த வடிவத்தைப் படிக்கும் மென்பொருளை எழுதலாம். ஏடு அரைகுறையாக இருந்தால், அதை எழுதிய நிறுவனத்தின் அடுக்களையில் மட்டும்தான் அந்தப் பண்டம் சரியாக வரும்.

நான்காவது படி: இரண்டு ஏடுகள், ஏறக்குறைய ஒரே பெயர்

இப்போது பெயர் விவகாரத்துக்கு வருவோம். உலகில் இப்படி இரண்டு ஏடுகள் உருவாயின.

முதல் ஏட்டின் வேர், ஓப்பன் ஆபிஸ் என்று நாம் அழைத்த இலவச மென்பொருள். 'ஓப்பன் ஆபிஸ்' என்ற பெயரின் உரிமை ஏற்கெனவே வேறொருவரிடம் இருந்ததால், அந்த மென்பொருளின் முறையான பெயரே 'ஓப்பன் ஆபிஸ் டாட் ஆர்க்' என்றுதான் இருந்தது. அதன் கோப்பு வடிவத்தைப் பொதுத் தரமாக்க, 2002இல் ஓயசிஸ் என்ற தர அமைப்பில் ஒரு குழு கூடியது. குழுவின் பெயரில் 'ஓப்பன் ஆபிஸ் எக்ஸ்எம்எல்' என்ற சொற்கள் இருந்தன. 2005 தொடக்கத்தில் அந்தக் குழு தன் பெயரை 'ஓப்பன் டாக்குமெண்ட்' என்று மாற்றிக்கொண்டது. ஒரு மென்பொருளின் பெயர் போய், ஆவணம் என்ற பொதுச்சொல் வந்தது. முதல் படியில் பார்த்த 'ஓடிடி' இந்த வடிவம்தான். 2006இல் இந்த வடிவம் ஐஎஸ்ஓ என்ற உலகத் தர அமைப்பில், ஐஎஸ்ஓ 26300 என்ற எண்ணோடு உலகத் தரமானது.

அதே 2005இல் மைக்ரோசாஃப்ட் தன் ஆபிஸ் மென்பொருளுக்கு ஒரு புதிய வடிவத்தை அறிவித்தது. அதன் பெயர் 'ஆபிஸ் ஓப்பன் எக்ஸ்எம்எல்'. 'டாக்எக்ஸ்' இந்த வடிவம்தான். ஈக்மா என்ற தர அமைப்பு 2006 டிசம்பரில் அதை ஏற்றது. பிறகு அது ஐஎஸ்ஓவுக்குப் போனது.

இரண்டு பெயர்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: 'ஓப்பன் ஆபிஸ் எக்ஸ்எம்எல்', 'ஆபிஸ் ஓப்பன் எக்ஸ்எம்எல்'. முன்னிரண்டு சொற்கள் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். ஒரே தெருவில் 'முருகன் செல்வி ஸ்டோர்', 'செல்வி முருகன் ஸ்டோர்' என்று இரண்டு கடைகள் இருந்தால் தபால்காரரே குழம்பிப்போவார். பத்திரிகையில் எழுதியவர்களும் கூட்டங்களில் பேசியவர்களும் ஒன்றைச் சொல்ல வாயெடுத்து மற்றொன்றைச் சொன்னார்கள்.

பெயரில் இன்னொரு கேள்வியும் இருந்தது. 'ஆபிஸ்' என்பது பொதுச்சொல்லா, ஒரு நிறுவனம் விற்கும் பொருளின் பெயரா? 'ஓப்பன்' என்றால் ஏட்டை யாரும் படிக்கலாம் என்று பொருளா, அதை வைத்து யாரும் சமைக்கலாம் என்று பொருளா, ஏட்டைத் திருத்த எல்லோருக்கும் இடமுண்டு என்று பொருளா? மல்லிச் சீட்டின் சிக்கல் இங்கே ஏட்டின் அட்டைக்கே வந்துவிட்டது.

ஐந்தாவது படி: குழு எப்படி முடிவெடுக்கிறது?

ஐஎஸ்ஓவில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வாக்கு. இந்தியாவின் வாக்கை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குழு முடிவு செய்தது. ஈக்மா போன்ற அமைப்பு ஏற்கெனவே ஏற்ற ஏட்டுக்கு விரைவு வழி உண்டு. அரைத்துவைத்த மாவை வாங்கி வந்து நேரே கல்லில் ஊற்றுவது போல. ஊறவைத்து, ஆட்டி, புளிக்கவைக்கும் காலம் அதில் கிடையாது. ஐந்து மாதத்தில் படித்துவிட்டு வாக்களிக்க வேண்டும். ஓப்பன் டாக்குமெண்ட் ஏடு சுமார் 700 பக்கம். மைக்ரோசாஃப்டின் ஏடோ 6,000 பக்கத்துக்கு மேல்.

முதல் வாக்கெடுப்பு 2007 செப்டம்பர் 2இல் முடிந்தது. வாக்குரிமையுள்ள முதன்மை உறுப்பு நாடுகளில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். கிடைத்தது 53 சதவீதம். மொத்த வாக்குகளில் எதிர்ப்பு 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; 26 சதவீதம் வந்தது. ஏடு தேறவில்லை. இந்தியாவும் தன் குறைகளை எழுதிக்கொடுத்து 'இல்லை' என்றுதான் சொன்னது.

நாடுகள் எழுதிய குறிப்புகள் மொத்தம் 3,522. அவற்றுக்கு ஈக்மா கொடுத்த பதில்கள் 1,027. அவற்றைப் பேசித் தீர்க்க 2008 பிப்ரவரி 25 முதல் 29 வரை, ஜெனீவாவில் ஐந்தே நாள் கூட்டம் நடந்தது. ஐந்து நாளில் ஆயிரம் பேருக்கு ஒரே அடுப்பில் தோசை சுடுகிற கணக்கு இது. ஒவ்வொன்றையும் பேச நேரமில்லை. அதனால் பெரும்பாலான பதில்களுக்கு விவாதமில்லாமல் மொத்தமாக வாக்குச்சீட்டு கொடுத்து முடித்தார்கள்.

ஆறாவது படி: 'அப்பத்தா செய்கிற மாதிரி செய்'

குறிப்புகளில் என்னதான் இருந்தது? இரண்டு எடுத்துக்காட்டு போதும்.

முதலாவது, ஏட்டின் சில இடங்களில், 'வேர்டு 95 இடைவெளி விட்டது போல இடைவெளி விடு' என்ற பொருளில் ஒரு சீட்டின் பெயர் மட்டும் இருந்தது. வேர்டு 95 எப்படி இடைவெளி விட்டது என்று எழுதவில்லை. 'அப்பத்தா செய்கிற மாதிரி பாகு காய்ச்சு' என்று செய்முறையில் எழுதுவது போல. அப்பத்தாவோடு இருந்தவருக்கு அது புரியும், மற்றவர் என்ன செய்வார்? ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு, அது உருண்டு, தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் கேட்க வேண்டும் என்று எழுதினால்தான் அது செய்முறை.

இரண்டாவது, எக்செல் கணக்கில் 1900ஆம் ஆண்டு லீப் ஆண்டாகக் கொள்ளப்படும். உண்மையில் அது லீப் ஆண்டு அல்ல. லோட்டஸ் என்ற பழைய மென்பொருளின் பிழை அது. பழைய கணக்குகள் பொருந்த வேண்டும் என்று அப்படியே தொடர்ந்து வந்தது. நெளிந்த படியால் அளந்த கடைக்காரர், பழைய கணக்கு மாறக் கூடாது என்று நெளிந்த படியையே ஊருக்கெல்லாம் முத்திரைப் படியாக ஆக்கச் சொல்வதைப் போன்றது அது.

விவாதத்தால் பலன் இருந்தது. பழைய பழக்கங்கள் பலவற்றைத் தனியே பிரித்து 'இடைக்கால வடிவம்' என்றும், மீதியைக் 'கண்டிப்பான வடிவம்' என்றும் ஏட்டைத் திருத்தினார்கள்.

ஏழாவது படி: பெயர் ஏன் மாறவில்லை?

ஜெனீவா கூட்டத்துக்குப் பிறகு, 2008 மார்ச் இறுதியில் முதன்மை உறுப்பு நாடுகளில் 75 சதவீதம் ஆதரவு வந்தது. ஏடு தேறியது. இந்தியா அப்போதும் 'இல்லை' என்ற நிலையிலேயே நின்றது. இந்தியா, பிரேசில், தென்னாப்பிரிக்கா, வெனிசுலா ஆகிய நான்கு நாடுகள் மேல்முறையீடு செய்தன. ஆகஸ்டில் அது தள்ளுபடியானது. 2008 நவம்பரில் ஐஎஸ்ஓ 29500 என்ற எண்ணோடு ஏடு வெளிவந்தது. அட்டையில் அதே பெயர்: ஆபிஸ் ஓப்பன் எக்ஸ்எம்எல்.

ஐஎஸ்ஓ தலைப்பு ஒரு முகவரி மாதிரி: முதலில் மாவட்டம், பிறகு ஊர், கடைசியில் வீடு. இங்கே மாவட்டம் 'தகவல் தொழில்நுட்பம்', ஊர் 'ஆவண விவரிப்பு, செயலாக்க மொழிகள்', வீடு 'ஆபிஸ் ஓப்பன் எக்ஸ்எம்எல்'. முன்னிரண்டும் சேர்ந்தன, வீட்டின் பெயர்ப்பலகை மட்டும் மாறவில்லை.

தரத்தில் ஒருமுறை ஏறிய பெயர் எவ்வளவு கெட்டியானது என்பது தமிழர்களுக்கு நன்றாகத் தெரியும். கணினி எழுத்துகளுக்கான யூனிகோடு தரத்தில் நம் ஆய்த எழுத்தின் முறையான பெயர் 'விசர்கம்'. ஆய்தம் விசர்கம் அல்ல என்று பள்ளிப்பிள்ளையும் சொல்லும். ஆனாலும் வைத்த எழுத்துப் பெயரை மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் விதி. 'ஆய்தம்' என்ற பெயர் பக்கத்தில் துணைக்குறிப்பாக மட்டும் நிற்கிறது. சிமெண்ட் காய்வதற்குள் எழுதியதுதான் கல்வெட்டு. ஆகவே பெயரைப் பற்றிய கேள்வியை ஏடு குழுவில் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

கடைசிப் படி: நாம் செய்ய வேண்டியது

இந்த விவாதம் வீண்போகவில்லை. 2010 நவம்பரில் மத்திய அரசு மின்னாளுகைக்கான திறந்த தரக் கொள்கையை வெளியிட்டது. அரசு பயன்படுத்தும் தரங்களுக்கு உரிமைத்தொகை இருக்கக் கூடாது, எல்லோருக்கும் அவை கிடைக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. 'திறந்த' என்ற சொல்லைப் பெயரில் வைத்தால் போதாது, பொருளில் காட்ட வேண்டும் என்பதை இந்தக் கொள்கை எழுத்தில் சொன்னது.

உங்கள் மனுவுக்கு வருவோம். இனித் திருத்தம் இல்லை என்றால் பிடிஎஃப் ஆக மாற்றிக் கொடுங்கள். அது மெழுகு முத்திரை வைத்த பொட்டலம். எங்கே திறந்தாலும் கட்டம் கலையாது. திருத்த வேண்டியிருந்தால், எந்த மென்பொருளில் அடித்தது என்று கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்து யூனிகோடில் இருக்கட்டும். கையில் ஒரு அச்சுப்படியும் இருக்கட்டும்.

உங்கள் பிள்ளைகள் நாளைக்கு இப்படி ஒரு குழுவில் உட்காரலாம். அவர்களுக்கு இப்போதே ஒன்று சொல்லி வையுங்கள்: செய்முறையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படி, அப்பத்தாவைத் தெரியாதவரும் அதை வைத்துச் சமைக்க முடியுமா என்று பார், முடியும் என்றால் மட்டும் பெயர்ப்பலகைக்குக் கையெழுத்துப் போடு.