பழைய இரும்பில் மறைந்துவரும் கதிரியக்கப் பொருள்: தொழிலாளர்களும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலைகள் பல இயங்கி வருகின்றன. அங்கு வந்து சேரும் இரும்புக் குவியலில், அரிதாகக் கதிரியக்கப் பொருள் ஒன்று கலந்திருக்கக்கூடும். அதன் கதிர்வீச்சைக் கண்ணால் காணவோ, மூக்கால் நுகரவோ, தோலால் உணரவோ இயலாது. எனவே, அதனைப் பற்றி முன்னரே அறிந்திருப்பதே முதற்பாதுகாப்பாகும்.

கதிரியக்கப் பொருள் பழைய இரும்பில் எவ்வாறு சேர்கிறது?

இயற்கையில் கிடைக்கும் கோபால்ட் கதிரியக்கம் அற்றது. அணு உலையில் நியூட்ரானை ஏற்கும்போது அது கோபால்ட்-60 ஆக மாறி, ஊடுருவும் ஆற்றல் மிக்க காமா கதிர்களை வெளியிடுகிறது. புற்றுநோய்ச் சிகிச்சை, மருத்துவப் பொருள்களின் கிருமிநீக்கம், வேதியியல் ஆய்வு ஆகியவற்றில் இது பயன்படுகிறது. பற்றவைப்புகளைச் சோதிக்க இரிடியம்-192, தொட்டிகளில் உள்ள பொருளின் மட்டத்தை அளக்க சீசியம்-137 ஆகியவையும் ஆலைகளில் பயன்படுத்தப்படுகின்றன.

இவை உலோக உறையில் அடைக்கப்பட்டு, தடித்த ஈயக் கவசத்தினுள் வைக்கப்படுகின்றன. கவசம் சிதையாதவரை ஆபத்து குறைவு. கருவி கைவிடப்பட்டு, அடையாளம் மறைந்து, எடைக்கு விற்கப்படும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது.

மாயாபுரி உணர்த்தும் பாடம்

தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையின் காமா கதிர்வீச்சுக் கருவி ஒன்று 1985 முதல் பயன்படுத்தப்படாமல் இருந்தது. 2010 பிப்ரவரியில் அது ஏலத்தில் பழைய பொருளாக விற்கப்பட்டு, மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் பிரிக்கப்பட்டது. உள்ளிருந்த கோபால்ட்-60 துண்டுகள் வெளிப்பட்டன. பாதிக்கப்பட்டோர் மருத்துவமனைக்கு வந்த பின்னரே, ஏப்ரலில், இது கண்டறியப்பட்டது. தொழிலாளர் ஒருவர் உயிரிழந்தார். மேலும் பலர் சிகிச்சை பெற்றனர்.

கோபால்ட்-60 இன் அரை ஆயுட்காலம் 5.27 ஆண்டுகள். பயன்பாடின்றிக் கிடந்த 25 ஆண்டுகளில் அதன் கதிரியக்கம் ஏறத்தாழ 27 இல் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். அந்த எச்சமே உயிரைப் பறித்தது. ‘பழைய கருவிதானே’ என்னும் எண்ணம் பாதுகாப்பு ஆகாது.

உருக்கினால் கதிரியக்கம் அழியுமா?

அழியாது. வெப்பமோ வேதிவினையோ கதிரியக்கத்தை நிறுத்துவதில்லை. பொருள் இடம் மாறுகிறது, அவ்வளவே. கோபால்ட் இரும்புடன் கலந்து எஃகிலேயே தங்கிவிடும். 2008 இல், இந்தியாவிலிருந்து பிரான்சுக்குச் சென்ற மின்தூக்கிப் பொத்தான்களின் உலோகத்தில் கோபால்ட்-60 கண்டறியப்பட்டது இவ்வாறே. சீசியமோ உலையின் வெப்பத்தில் ஆவியாகி, புகைபோக்கித் தூசியில் படியும். அத்தூசியைக் கூட்டி அள்ளும் தொழிலாளர் அதனை மூச்சுவழி உள்ளிழுக்க நேரிடும்.

உடலில் தோன்றும் அறிகுறிகள்

• மிகுந்த கதிர்வீச்சுக்கு ஆளானவருக்குச் சில மணி நேரத்தில் குமட்டல், வாந்தி, களைப்பு ஏற்படலாம்.
• பின்னர் சில நாள்கள் நலமாக இருப்பதுபோல் தோன்றும். இது ஏமாற்றும் காலமாகும்.
• இரண்டு, மூன்று வாரங்களில் முடி உதிர்தல், காய்ச்சல், ஈறுகளில் இரத்தக் கசிவு ஆகியவை தோன்றலாம்.
• பொருளைத் தொட்ட கையிலோ, அதனை வைத்திருந்த சட்டைப்பையின் அருகிலோ தோல் சிவந்து, கருத்து, புண்ணாகலாம். சுட்டதாக நினைவே இராது.

காரணம் தெரியாத தீப்புண்ணுடன் மருத்துவரிடம் செல்லும்போது, உங்கள் தொழிலையும் அண்மையில் பிரித்த பொருளையும் கட்டாயம் கூறுங்கள். தொடக்க நாள்களில் மீண்டும் மீண்டும் செய்யப்படும் எளிய இரத்த அணுப் பரிசோதனையே பாதிப்பின் அளவை உணர்த்தும். அயோடின் மாத்திரை கோபால்ட்டுக்கோ சீசியத்துக்கோ பயன் தராது; தாமாக எதையும் உட்கொள்ள வேண்டாம்.

ஐயத்திற்குரிய பொருளைக் கண்டால்

மஞ்சள் பின்னணியில் மூவிதழ்ச் சின்னம், அல்லது மண்டையோடும் ஓடும் மனிதனும் உள்ள சிவப்பு முக்கோணம், அல்லது அளவுக்கு மீறிக் கனக்கும் ஈய உருளை ஆகியவற்றைக் கண்டால்:

1. வெட்டாதீர், உடைக்காதீர், கையால் எடுக்காதீர்.
2. உடனே விலகுங்கள். சிறு பொருளிலிருந்து தொலைவு இரு மடங்கானால், கதிர்வீச்சு நான்கில் ஒரு பங்காகக் குறையும்.
3. பிறரை அணுகவிடாமல் தடுத்து, மேலாளரிடம் தெரிவித்து, 112 ஐ அழையுங்கள். உடல்நலம் குன்றியவருக்கு 108 ஐ அழையுங்கள்.
4. பொருள் உடைந்திருந்தால், அங்கு உண்ணவோ புகைக்கவோ கூடாது. மேலாடையைக் களைந்து தனிப்பையில் வைத்து, சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள். அந்த ஆடையை வீட்டிற்கு எடுத்துச் செல்லாதீர்.

பாதிக்கப்பட்டவரை ஒதுக்க வேண்டாம். கதிர்வீச்சு தொற்றுநோய் அன்று. ஆடையிலும் தோலிலும் படிந்த தூசியை அகற்றிய பின் அவரைப் பராமரிப்பதில் அச்சம் தேவையில்லை.

ஆலை உரிமையாளர்களின் கவனத்திற்கு

பயன்பாடு முடிந்த கதிரியக்கப் பொருளைப் பழைய இரும்பாக விற்பது சட்டப்படி குற்றம். அதனை வழங்கிய நிறுவனத்திடமோ அங்கீகரிக்கப்பட்ட அமைப்பிடமோ அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியுடன் ஒப்படைக்க வேண்டும். நுழைவாயிலில் எடை பார்க்கும்போதே கதிர்வீச்சு அளவியாலும் சோதிப்பது நன்று. எச்சரிக்கைச் சின்னங்களைப் பிற மாநிலத் தொழிலாளர்களுக்கு அவர்தம் மொழியிலேயே விளக்குங்கள். சின்னத்தின் பொருள் தெரியாதவருக்கு, அது வெறும் வண்ணப்பூச்சு மட்டுமே.