இமைக் கட்டி திரும்பத் திரும்ப வந்தா?

இன்னைக்கு கோடிங் இல்ல. எங்க அத்தையோட இடது கண் இமையைப் பத்திப் பேசப் போறேன்.

அத்தைக்கு மயிலாப்பூர். வயசு அறுபதைத் தாண்டியாச்சு. மேல் இமையில சின்னதா ஒரு கட்டி, வலியே இல்ல. "சூட்டுக் கட்டி, நாமக்கட்டி உரசிப் போடு"ன்னாங்க வீட்டுல. போகல. பக்கத்துல ஒரு கிளினிக்ல கீறி எடுத்தாங்க, ஆனா எடுத்த சதையை லேபுக்கு அனுப்பல. சில மாசத்துல அதே இடத்துல வந்துச்சு. திரும்பவும் கீறினாங்க. திரும்பவும் வந்துச்சு, இந்தத் தடவை அங்க இமை முடியும் கொட்டியிருந்துச்சு.

ஒரே பக் மூணாவது தடவை வந்தா, நாங்க டிக்கெட்டை மூடிட்டுப் போக மாட்டோம், லாக் பார்ப்போம். இங்க அந்த லாக்தான் பயாப்ஸி. அதுல வந்த பேரு செபேசியஸ் கார்சினோமா.

நம்ம இமைக்குள்ள மைபோமியன்னு எண்ணெய்ச் சுரப்பிகள் வரிசையா இருக்கு, மேல் இமையில அதிகம். அதுல அடைப்பு வந்தா சாதாரணக் கட்டி. புற்றுநோய் வந்தாலும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். மேலை நாடுகள்ல இமைப் புற்றுநோய்னா பெரும்பாலும் பேசல் செல் வகை, அது மெதுவா வளரும், அபூர்வமாத்தான் பரவும். இந்தியாவில செபேசியஸ் வகையோட பங்கு ரொம்ப அதிகம். இது காது முன்னாடி, கழுத்துல இருக்கிற நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவலாம்.

சிகிச்சையில முதல் இடம் அறுவைக்குத்தான். கட்டியோட சுத்தி நல்ல சதையையும் கொஞ்சம் சேர்த்து எடுப்பாங்க. ஓரத்துல செல் மிச்சம் இருக்கான்னு மைக்ரோஸ்கோப்ல பார்ப்பாங்க. இது விட்டு விட்டும் பரவும்கிறதால, வெண்படலத்துல பல இடத்துல துளித்துளியா மாதிரி எடுக்கிறதும் உண்டு. அத்தைக்குக் கீழ் இமையில இருந்து சதையை மேல கொண்டுவந்து தைச்சாங்க. வாரக்கணக்கா அந்தக் கண் மூடியே இருந்துச்சு. அப்புறம் இன்னொரு ஆபரேஷன்ல திறந்தாங்க. ரொம்பத் தாமதமானா கண்ணையே எடுக்க வேண்டி வரலாம்.

சென்னையில இதுக்குத் தூரம் போக வேண்டாம். 1819-ல தொடங்கின எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கு, நுங்கம்பாக்கத்துல சங்கர நேத்ராலயா இருக்கு, 1954-ல இருந்து அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் இருக்கு.

நீங்க செய்ய வேண்டியது இதான். வயசானவங்களுக்கு ஒரே இடத்துல கட்டி திரும்ப வந்தா, இமை முடி கொட்டினா, ஒரு கண் மட்டும் மாசக்கணக்கா சிவந்தே இருந்தா, டாக்டர்கிட்ட நேரா கேளுங்க: "எடுத்ததை பயாப்ஸிக்கு அனுப்புவீங்களா?"

அந்தக் கேள்வியை நாங்க முதல் தடவையே கேட்டிருக்கணும். அத்தை இப்போ செக்கப்புக்குத் தவறாமப் போறாங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.