உமியோ: ஐரோப்பாவை வென்ற சிறுநகரக் கால்பந்துக் கழகம்

ஐரோப்பியப் பெண்கள் கால்பந்தில் இன்று லியோன், பார்சிலோனா, ஆர்சனல் போன்ற பெருங்கழகங்களின் பெயர்களே ஒலிக்கின்றன. ஆனால் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கண்டத்தின் மிக வலுவான பெண்கள் அணி, சுவீடனின் வடபகுதியில் உள்ள உமியோ என்ற பல்கலைக்கழக நகரைச் சேர்ந்ததாக இருந்தது.

தலைநகர் ஸ்டாக்ஹோமிலிருந்து சாலைவழியே 600 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவில், நீண்ட குளிர்காலத்தைக் கொண்ட பகுதியில் உள்ளது உமியோ. அங்கு 1917ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட உமியோ ஐ.கே. கழகம், 1985ஆம் ஆண்டில் பெண்களுக்கான கால்பந்துப் பிரிவை உருவாக்கியது. 2000 முதல் 2008 வரையிலான ஒன்பது பருவங்களில் ஏழு முறை அது சுவீடனின் தேசிய சாம்பியனாகியது. ஐரோப்பியக் கோப்பையை இரு முறை வென்றது. பின்னர் 2016ஆம் ஆண்டில் நாட்டின் முதல் பிரிவிலிருந்தே கீழிறக்கப்பட்டது.

இந்த ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் பின்னால், பெண்கள் கால்பந்தின் பொருளாதாரம் எவ்வாறு மாறியது என்ற கதை இருக்கிறது.

முந்திக்கொண்ட நாடு

பெண்கள் கால்பந்து பல நாடுகளில் நீண்டகாலம் தடைசெய்யப்பட்டிருந்தது. இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம், தனது உறுப்புக் கழகங்களின் மைதானங்களில் பெண்கள் ஆடுவதற்கு 1921ஆம் ஆண்டில் விதித்த தடை ஏறக்குறைய அரை நூற்றாண்டு நீடித்தது. மேற்கு ஜெர்மனியின் சம்மேளனம் 1955இல் விதித்த தடை 1970ஆம் ஆண்டில்தான் நீங்கியது.

சுவீடனிலோ 1966ஆம் ஆண்டிலேயே ஓக்ஸாபெக் என்ற சிற்றூரில் ஒரு பெண்கள் அணி உருவாகியிருந்தது. 1973இல் அதிகாரபூர்வ தேசிய சாம்பியன் பட்டம் முதன்முறையாக வழங்கப்பட்டபோது அதை வென்றதும் அந்த அணிதான். 1984ஆம் ஆண்டில், தேசிய அணிகளுக்கு இடையிலான முதலாவது ஐரோப்பியப் பெண்கள் போட்டியில் சுவீடன் வெற்றி பெற்றது. 1988 முதல் டாமால்ஸ்வென்ஸ்கான் எனப்படும் தேசிய லீக் போட்டி நடைபெற்று வருகிறது.

ஆக, ஏனைய நாடுகளின் பெருங்கழகங்கள் பெண்கள் விளையாட்டின்மீது அக்கறை காட்டாத ஒரு காலத்தில், சுவீடனின் சிறுநகரக் கழகங்களிடம் பயிற்சியாளர்களும், இளையோர் அணிகளும், ஒழுங்கான போட்டி அட்டவணையும் இருந்தன. உமியோ பயன்படுத்திக்கொண்டது இந்த முன்னிலையைத்தான்.

வெற்றியின் ஆண்டுகள்

மலின் மோஸ்ட்ரோம், ஹன்னா யுங்பெர்க் ஆகியோர் அணியின் தூண்களாக விளங்கினர். 2002ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் யுங்பெர்க் 39 லீக் கோல்களை அடித்தார். அதே ஆண்டில், யூஃபா அமைப்பு புதிதாகத் தொடங்கிய கழகங்களுக்கான பெண்கள் கோப்பையின் முதல் இறுதி ஆட்டத்தில், ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் அணியிடம் உமியோ 2-0 என்ற கணக்கில் தோல்வி கண்டது.

அடுத்த ஆண்டு டென்மார்க்கின் ஃபோர்ச்சுனா யோரிங் அணியை இரு ஆட்டங்களில் மொத்தம் 7-1 என்ற கணக்கில் வென்று கோப்பையைக் கைப்பற்றியது. 2004இல் அதே ஃபிராங்ஃபர்ட் அணியை மொத்தம் 8-0 என்ற கணக்கில் வீழ்த்திக் கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது.

அந்த ஆண்டில்தான் பிரேசிலைச் சேர்ந்த 18 வயது மார்த்தா உமியோவில் சேர்ந்தார். பெண்கள் கால்பந்து ஆடுவதை 1941 முதல் 1979 வரை அரசாணையால் தடுத்துவைத்திருந்த நாடு பிரேசில். மார்த்தாவின் திறமைக்கு ஏற்ற நிலையான லீக் போட்டி அப்போது அவரது தாயகத்தில் இருக்கவில்லை. பனிசூழ்ந்த இந்த வடபுல நகரில் ஐந்து பருவங்கள் ஆடிய அவர், நூற்றுக்கும் அதிகமான லீக் கோல்களை அடித்தார். உலகின் சிறந்த வீராங்கனைக்கான ஃபிஃபா விருதை அவர் முதலில் பெற்ற 2006, 2007, 2008 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அவர் உமியோ வீராங்கனையாகவே இருந்தார். பின்னாளில், 2017இல், அவர் சுவீடன் குடியுரிமையும் பெற்றார்.

பணம் நுழைந்தபோது

உமியோ 2007, 2008 ஆகிய ஆண்டுகளிலும் ஐரோப்பிய இறுதிப் போட்டியை எட்டியது. ஆனால் முதலில் ஆர்சனலிடமும், பின்னர் ஃபிராங்ஃபர்ட்டிடமும் தோற்றது. 2009ஆம் ஆண்டில் அமெரிக்காவில் புதிய தொழில்முறை லீக் தொடங்கியதும் மார்த்தா லாஸ் ஏஞ்சல்ஸ் சென்றார். அதன் பின்னர் உமியோ தேசிய சாம்பியன் பட்டத்தை வெல்லவில்லை.

நட்சத்திர வீராங்கனை ஒருவரின் விலகல் மட்டும் இதற்குக் காரணமல்ல. லியோன் போன்ற கழகங்கள், ஆண்கள் அணிகள் ஈட்டும் வருவாயையும், அவற்றின் மைதானங்களையும் மருத்துவ வசதிகளையும் பெண்கள் அணிகளுடன் பகிர்ந்துகொள்ளத் தொடங்கியிருந்தன. உமியோ போன்ற கழகங்களுக்கு அத்தகைய பின்பலம் இல்லை. நுழைவுச்சீட்டு வருவாயும் உள்ளூர் விளம்பரதாரர்களின் ஆதரவுமே அவற்றின் ஆதாரங்கள். தவிர, சுவீடனில் கழகங்களின் பெரும்பான்மை வாக்குரிமை உறுப்பினர்களிடமே இருக்கவேண்டும் என்ற விதி உள்ளது. கழகம் ஒரு தனிச் செல்வந்தரின் கைக்குப் போய்விடாமல் இது காக்கிறது. அதேவேளை, பெருமுதலீடு வரும் வழியையும் இது குறுக்குகிறது.

வருவாய்க்கு மீறிச் செலவிட்டால் என்ன நேரும் என்பதற்கு ஸ்டாக்ஹோமின் புறநகர்க் கழகமான டியூரெசோ ஓர் எடுத்துக்காட்டு. மார்த்தா உள்ளிட்ட பன்னாட்டு நட்சத்திரங்களைச் சேர்த்துக்கொண்ட அந்த அணி, 2014 மே மாதம் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் வோல்ஃப்ஸ்பர்க் அணியிடம் 4-3 என்ற கணக்கில் தோற்றது. அடுத்த சில வாரங்களில் நிதி நொடிப்பு காரணமாகத் தேசிய லீக் போட்டியிலிருந்தே விலகியது. அதன் பின்னர் 2025 வரை சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் எந்த சுவீடன் கழகமும் இடம்பெறவில்லை.

மாறும் வரைபடம்

உமியோ, 2020இலும் 2022இலும் முதல் பிரிவுக்குத் திரும்பியபோதிலும், இரு முறையும் ஒரே பருவத்தில் மீண்டும் கீழிறங்கியது. உமியோவுக்கும் வடக்கே உள்ள பிட்டியோ என்ற சிறுநகரின் அணி 2018இல் தேசிய சாம்பியனாகியது, பழைய மரபு முற்றாக மறைந்துவிடவில்லை என்பதைக் காட்டியது. ஆயினும் பொதுவான போக்கு வேறு திசையில் உள்ளது. 2020இல் சாம்பியனான கோதன்பர்க் அணி, நிதியின்மையால் மூடப்படும் நிலைக்கு வந்து, ஆண்கள் கால்பந்தில் பெயர்பெற்ற ஹெக்கன் கழகத்துடன் இணைந்தே பிழைத்தது. 2023இல் பட்டம் வென்றது, ஸ்டாக்ஹோமில் பெரும் ரசிகர் கூட்டத்தைக் கொண்ட ஹம்மர்பி.

பெண்கள் கால்பந்துக்கு இன்று கிடைக்கும் பணமும் கவனமும், அதை ஆடுவோர் பல தலைமுறைகளாகக் கோரிவந்தவைதான். 2022இல் பார்சிலோனாவில் நடந்த ஓர் ஆட்டத்தைக் காண 91,648 பேர் திரண்டனர். ஆனால் அந்த வளர்ச்சிக்கு அடித்தளமிட்ட சிறுநகரக் கழகங்களுக்கு அதில் எவ்வளவு பங்கு கிடைக்கும் என்பதுதான் உமியோவின் வரலாறு எழுப்பும் கேள்வி.