விக்டோரியா காலத்துத் தமிழ்ப் பஞ்சாங்கங்கள்

விக்டோரியா மகாராணியின் ஆட்சிக்காலத்தில் (1837–1901), ஓலைச்சுவடியிலும் கணிப்பவரின் நினைவிலும் இருந்துவந்த தமிழ்ப் பஞ்சாங்கம் அச்சுப் புத்தகமாக வீடுகளுக்குள் வந்தது. வாக்கியம், திருக்கணிதம் என்னும் இரு கணித முறைகளுக்கு இடையிலான வேறுபாடு சென்னையில் விவாதப் பொருளானதும் இக்காலத்தில்தான்.

உள்ளடக்கம்

வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் ஆகிய ஐந்து உறுப்புகளைக் கொண்டதால் பஞ்சாங்கம் எனப்படுகிறது. நிலவு சூரியனை விட்டு 12 பாகை விலகும் நேரம் ஒரு திதி. இவற்றுடன் கிரகணம், முகூர்த்த நாள், ராசிபலன், அவ்வாண்டின் ராஜா, மந்திரி, மழை எத்தனை மரக்கால் என்பனவும் இடம்பெறும். சித்திரை முதல் நாளில் பஞ்சாங்கம் படிப்பது வழக்கம்.

வாக்கிய முறை

நிலவின் இருப்பிடத்தை நாள்வாரியாகக் கூறும் 248 வாக்கியங்களே இம்முறையின் அடிப்படை. இவை வரருசி இயற்றியவை என்பது மரபு. எழுத்துகளுக்கு எண் மதிப்பு தரும் கடபயாதி முறையில் அமைந்ததால் இவற்றை மனப்பாடம் செய்யலாம்.

செஞ்சிக்குத் தென்கிழக்கே கடற்கரையில் உள்ள புதுச்சேரியில், பஞ்சாங்கம் கணிப்பவர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, வாய்பாடுகளை நினைவிலிருந்தே சொல்லி, 1825 மே 31–ஜூன் 1 சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். இதை ஜான் வாரன் பதிவு செய்துள்ளார். கிரகணத் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம் மட்டுமே. நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிழை இருந்தது.

திருக்கணித முறை

சூரியனின் ஈர்ப்பால் நிலவின் ஓட்டத்தில் உண்டாகும் சில மாற்றங்கள் வாக்கியங்களில் சேரவில்லை. அதனால் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் பிழை குறைவாகவும் அஷ்டமியை ஒட்டி மிகுதியாகவும் இருக்கும். திதி முடியும் நேரம் சில மணி மாறினால் ஏகாதசி விரதமோ தகப்பனாரின் திவசமோ ஒரு நாள் தள்ளிப்போகும். எனவே இது வெறும் கணக்குச் சிக்கல் அன்று.

இதைத் திருத்த முயன்றவர்களுள் முக்கியமானவர், சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரி. 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1872-இல் இலண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினரானவர். 1874 டிசம்பர் 9-இல் வெள்ளி சூரியனைக் கடந்ததைப் பொதுமக்களுக்கு விளக்க, இந்திய மொழிகளிலும் சிறுநூல் வெளியிட்டார். புதிய அட்டவணைகளின்படி திருக்கணிதப் பஞ்சாங்கமும் வெளியிட்டார். ‘திருக்’ என்பது பார்வையைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது. வானில் கண்ணால் காண்பதோடு கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்பதே இப்பெயரின் பொருள். பஞ்சாங்கத்தைக் கைவிடச் சொல்லாமல், அதைச் சரிசெய்யச் சொன்னதே அவரது தனித்தன்மை. அவர் 1880-இல் மறைந்தார்.

இங்கிலாந்துடன் ஒப்பீடு

அதே காலத்தில் இங்கிலாந்திலும் ‘ஜாட்கியேல்’, ‘ராபேல்’ என்னும் புனைபெயர்களில் வந்த சோதிடப் பஞ்சாங்கங்கள் விற்பனையாயின. அங்கே எழுந்த சண்டை, பலன் சொல்வது சரியா என்பது பற்றியது. ஜாட்கியேலாக எழுதிய மாரிசன், தம்மை ஏமாற்றுக்காரர் எனக் குறிப்பிட்டவர் மீது 1863-இல் வழக்குத் தொடுத்து வென்றார். கிடைத்த இழப்பீடு 20 ஷில்லிங் மட்டுமே. சென்னையில் எழுந்த கேள்வியோ கிரகங்கள் எங்கே நிற்கின்றன என்பது பற்றியது.

இன்றைய நிலை

இரு முறைகளும் இன்றும் வழக்கில் உள்ளன. திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17-இல் நிகழ்ந்த சனிப்பெயர்ச்சி, வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் அதே ஆண்டு டிசம்பர் 20-இல்தான் கொண்டாடப்பட்டது. பஞ்சாங்கம் வாங்குவோர் அதன் அட்டையில் எந்த முறை குறிக்கப்பட்டுள்ளது என்று பார்த்தால், இரண்டு தேதிகள் ஏன் வருகின்றன என்பது விளங்கும்.